வேட்டை நின்ற வருஷம்

ஈச்சம்பொட்டல் ஊர் கூடி, கை எண்ணி, இனிமேல் வேட்டை வேண்டாம் என்று முடிவு செய்த அந்த மாசி மாதத்தில்தான், அதுவரை அந்த ஊர்க்காரர்கள் கொன்ற உயிர்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தங்களைக் கொன்றவர்களின் வீட்டு வாசலில் உட்காரத் தொடங்கின. முதலில் வந்தவை காடைகள். இருளாயி காலையில் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தபோது வாசல் முழுக்கக் காடைகள் உட்கார்ந்திருந்தன. அவள் வாளியும் கையுமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவற்றின் மேல் படாமல் ஓரமாகத் தெளித்து, மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு உள்ளே போய், "எந்திரிச்சு வாங்க, உங்களைத் தேடித்தான் வந்திருக்கும்போல" என்று புருஷனை எழுப்பினாள்.

நத்தத்துக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவே, பேருந்து நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர் அது. மாசிச் சிவராத்திரி முடிந்த மறுநாள் வீட்டுக்கு ஓர் ஆண், வேல்கம்போ வலையோ நாயோ எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கரட்டுமலைக்குப் போவதும், கிடைத்ததைச் சாயங்காலம் வேட்டைக்கருப்பு கோயில் முன்னால் போட்டு, ஆள் இருக்கிற வீடு, இல்லாத வீடு, தாலியறுத்தவள் வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்று பார்க்காமல் வீட்டுக்கொரு பங்காகக் கூறு வைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. முன்னால் போகிறவர் இருளாயியின் புருஷன் மாயழகு. அவருக்குத்தான் கோயிலில் தலைப்பாகை கட்டுவார்கள். அவர் கையைக் காட்டினால்தான் நாய்களை அவிழ்ப்பார்கள். அவருக்கு ஊரில் இருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு நாளில் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் அவர் மலையடிவாரத்தில் கொஞ்சம் கடலை போடுகிறவர், அவ்வளவுதான்.

அந்த வேட்டை ஒரே நாளில் ஊருக்குக் கசந்துவிடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கேட்டார்கள், வேட்டைக்கென்று கேட்க வெட்கப்பட்டார்கள். கல்லூரியில் படிக்கிற ஒருத்தன் செத்த முயலைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தைப் போனில் போட, வனத்துறை வண்டி வந்து படத்தில் இருந்தவர்கள், படத்தின் ஓரத்தில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அபராதம் போட்டது. பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்கிற அதே குரலில், மாப்பிள்ளை வேட்டைக்குப் போவாரா என்று கேட்டார்கள். சட்டியில் கவிச்சி போகமாட்டேன் என்கிறது என்று பெண்கள் தங்கள் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாய்க்குப் போட்டார்கள், கடைசியில் நாய்களும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போயின.

அதன் பிறகுதான் ஊராட்சித் தலைவர் தனக்கொடி ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டாள். தனக்கொடி எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "வேட்டை வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள். மாயழகு தூக்கினார். அவரோடு வழக்கமாக மலைக்கு வருகிற நாலைந்து பேர் தூக்கினார்கள். அவர் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருளாயி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார், "கையில என்ன, வலியா?"

"வலியெல்லாம் இல்ல."

"பின்ன?"

"தூக்கத் தோணல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. இருளாயிக்கு ஒரு தம்பி இருந்தான், சேவுகன் என்று பெயர். மீசை அரும்புகிற வயதில் வேட்டைக்குப் போனவனைப் பன்றி குத்திவிட்டது என்று சொன்னார்கள். மலைச் சரிவிலிருந்து அவன் உடம்பைத் தோளில் போட்டு, வழியில் யார் கேட்டும் மாற்றிக் கொடுக்காமல், ஊர்வரைக்கும் தூக்கி வந்தவர், முறைக்கு அவனுக்கு மச்சானான மாயழகு. என் பிள்ளையைச் சுமந்து வந்தவன் எனக்கும் பிள்ளைதான் என்று இருளாயியின் அப்பா அந்த வருஷமே அவளை அவருக்குக் கட்டிக் கொடுத்தார். அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. ஒவ்வொரு மாசியிலும் அவர் மலையிலிருந்து திரும்புகிறவரைக்கும் அடுப்புப் பற்ற வைக்கமாட்டாள், அது ஒன்றுதான்.

காடைகளுக்குப் பிறகு கௌதாரிகள் வந்தன, கௌதாரிகளுக்குப் பிறகு முயல்கள் வந்தன. சிறியவை முதலிலும் பெரியவை பின்னாலுமாக, அவசரப்படாமல், பேருந்து வருகிற தார்ச்சாலையிலேயே நடந்து வந்தன. அவை யாரையும் கடிக்கவில்லை, முட்டவில்லை. வாசலுக்கு வந்ததும் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டன. கொன்றவர் வெளியே போனால் பின்னாலேயே போயின, திரும்பினால் திரும்பின. மாயழகு டீ குடிக்கப் போனால் டீக்கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. டீக்கடைக்காரர் முதல் இரண்டு நாள் விரட்டிப் பார்த்தார், மூன்றாம் நாளிலிருந்து மாயழகுக்கு மட்டும் டீயை வீட்டுக்கே அனுப்பினார்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. யார் வீட்டில் எத்தனை என்று பார்ப்பது முதல் வாரத்துக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒற்றை ஆளாகப் பன்றியோடு மல்லுக்கட்டிய கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் கிழவனான பிச்சைமணி வீட்டு வாசலுக்கு ஓர் உடும்பு மட்டும்தான் வந்தது. அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் எதிர்வீட்டு முயல்களில் இரண்டைத் தூக்கி வந்து தன் வாசலில் கட்டி வைத்தார். கயிற்றை அவிழ்த்ததும் அவை தெருவைக் கடந்து பழைய இடத்துக்கே போய்விட்டன. செத்துப்போன வேட்டைக்காரர்களைத் தேடி வந்தவை யாரிடமும் வழி கேட்காமல் இடுகாட்டுக்குப் போய் அங்கங்கே உட்கார்ந்தன. தனக்கொடி வீட்டு மாடியில் ஒரு கூட்டம் மயில் வந்து இறங்கியது.

"நான் ஒரு நாளும் வேட்டைக்குப் போனதில்லையே" என்றாள் அவள்.

"கடலைக் காட்டுல மருந்து கலந்த நெல்லு வச்சீகளே, தலைவரம்மா" என்றார் மாயழகு.

"அது பயிர்ப் பாதுகாப்பு."

மயில்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவை அவள் தலைக்கு மேலே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

தானாக வந்த கறியை ஏன் விட வேண்டும் என்று சிலர் முயலை அடித்துக் குழம்பு வைத்தார்கள். மறுநாள் காலையில் அதே முயல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஊருக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேண்டாம் என்று கை தூக்காமல் இருந்தவர்கள்கூட இரண்டு வேளையும் கறி தின்றார்கள். ஒரு கல்யாணத்துக்கே ஒரே முயல் கூட்டத்தைக் காலையிலும் மறுநாள் காலையிலுமாக இரண்டு தடவை சமைத்தார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் அதுவும் ஓய்ந்துவிட்டது. ஓடாத முயலைப் பிடிக்கிறவனுக்கும், முகம் தெரிந்த முயலைத் தின்கிறவனுக்கும் என்னவோ போல் இருந்தது. பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். 'இன்னைக்கு யாரு குழம்பு' என்று ஒரு வீட்டுச் சிறுமி கேட்டதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் முயலை அடிக்கவில்லை.

வனக்காப்பாளர் எபினேசர் மோட்டார் சைக்கிளில் வந்து தெருத் தெருவாகப் பார்த்தார். காட்டு உயிரைக் கொன்றால் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். கொல்லப்பட்டதை உயிரோடு வைத்திருந்தால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை. "இதெல்லாம் இப்ப உசுரோட இருக்கா, இல்ல செத்துப்போனதா?" என்று அவர் மாயழகிடம் கேட்டார். "அதைத்தான் சார் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் மாயழகு. மேலே கேட்டுச் சொல்வதாகப் போன எபினேசர், வாரம் ஒரு முறை வந்து, மேலேயும் யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் இருளாயி ஒன்றைக் கவனித்திருந்தாள். மேலத்தெருவில் அவள் அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சாவி அவளிடம்தான் இருந்தது. அந்த வீட்டு வாசலில் ஐந்தாறு முயல்கள் உட்கார்ந்திருந்தன. அப்பா வேட்டைக்குப் போகாதவர். அந்த வீட்டிலிருந்து மலைக்குப் போனவன் சேவுகன் ஒருத்தன்தான். செத்துப்போனவர்களின் முயல்களெல்லாம் இடுகாட்டில் இருக்க, இவை மட்டும் வீட்டு வாசலில் இருந்தன. மற்ற முயல்களெல்லாம் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவை கதவுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

அவள் அவற்றுக்குக் கொஞ்சம் அருகம்புல் பறித்துப் போட்டுவிட்டு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கும் கண் இருந்தது. முள்ளம்பன்றி வந்தது, சருகுமான் வந்தது, பன்றிகள் வந்தன. பங்குனி போய்ச் சித்திரை பிறந்து, கடைசியாக ஒரு கடமான் கொம்பை ஆட்டிக்கொண்டு மாயழகு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, இனி வேட்டையில் செத்தது என்று கடமானைவிடப் பெரியதாக மலையில் எதுவும் இல்லை என்பதும், ஓர் ஆள் மட்டும் பாக்கி என்பதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பன்றி குத்தி இறந்தவன் பன்றியின் வாசலுக்குத்தானே போவான் என்று சிலர் சொன்னார்கள். பன்றிக்கு ஏது வாசல் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த வருஷம் சேவுகனோடு மலைக்குப் போனவர்களில் உயிரோடு இருந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலைத் தாங்களே அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

மாயழகு திருப்பூரில் இருக்கிற மகனைப் பார்த்துவிட்டு வருவதாக ஒரு பையில் துணியை அடைத்தார்.

"எத்தனை நாளைக்கு?" என்று இருளாயி கேட்டாள்.

"பாக்கணும்."

"அவன் இப்பத்தானே வந்துட்டுப் போனான்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். அவர் ஏறியதும் முயல்களும் பன்றிகளும் ஏறப் பார்த்தன. கடமான் முன்வாசலில் தலையை நுழைத்துவிட்டு, கொம்பு மாட்டிக்கொண்டு, போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றது. கண்டக்டர் பொறுமையான மனிதர். "ஐயா, நீங்க ஒருத்தர்னா டிக்கெட் கொடுக்கலாம்" என்றார். மாயழகு இறங்கிக்கொண்டார். பேருந்து போன பிறகு, அத்தனையும் பின்னால் வர, வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் பையோடு வருவதை இருளாயி வாசலில் நின்று பார்த்தாள். எத்தனையோ மாசிகளில் அவர் மலையிலிருந்து திரும்பி வருவதைப் பார்த்தவள். அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. அப்போதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

சேவுகன் ஒரு மத்தியானம் வந்தான். இருளாயி முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பேச்சு நின்றது, அடுத்து டீக்கடையில் நின்றது, அப்படியே தெரு நெடுகிலும் ஒவ்வொரு வீடாகப் பேச்சு நின்றுகொண்டே வந்தது. அவன் அந்த நாளில் போட்டிருந்த காக்கி டிராயரும் விலாவில் கிழிந்த சட்டையுமாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். அவன் கடந்துபோன ஒவ்வொரு வாசலிலும் நின்ற ஆண் மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் மேலத்தெருத் திருப்பத்தில் கொஞ்சம் நின்றான், அங்கே முயல்கள் எழுந்து அவன் பின்னால் சேர்ந்துகொண்டன. ஆனால் அவன் கால் அந்தப் பக்கம் போகவில்லை. நேராக வந்து, மாயழகு வீட்டு வாசலில், இரண்டு பன்றிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, கதவைப் பார்த்தான். பிறகுதான் முறத்தோடு இருந்தவளைப் பார்த்தான்.

"அக்கா, நீ எங்க இங்க? ஏன் தலையெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு?"

இருளாயி முறத்தைக் கீழே வைத்தாள். கடலையில் ஒன்றுகூடச் சிந்தவில்லை. "வயசாயிருச்சுடா" என்றாள்.

"மச்சான் எங்க? பன்னி ஓடிருச்சா, கெடச்சுச்சா?"

மாயழகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புதர் அசைஞ்சுச்சு, இருளாயி" என்றார். "பன்னின்னு நெனச்சுத்தான் எறிஞ்சேன்."

அவள் தம்பியின் சட்டைக் கிழிசலைப் பார்த்தாள். வேல்கம்பு போன இடம் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. பன்றிக் கொம்பு என்று ஊர் முழுக்க நம்பிய கிழிசல் அது. அவளும் அந்தச் சட்டையை மடியில் வைத்து அழுதவள்தான்.

"இத்தனை வருசத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லணும்னுதான் தூக்கிட்டு வந்தேன். வேற யாரும் முந்திச் சொல்லிறக் கூடாதுன்னுதான் யார்ட்டயும் மாத்திக் குடுக்கல. வாசல்ல எறக்கி வச்சதும் உங்கப்பா என் காலைப் பிடிச்சுட்டார். அப்புறம் வாய் வரல."

இருளாயி உள்ளே போய் அப்பா வீட்டுச் சாவியை எடுத்து வந்தாள். தம்பியின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தக் கை சூடாகத்தான் இருந்தது. "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். சேவுகனின் பின்னால் அவன் முயல்களும், அவனை விட்டுப் போக முடியாமலும் தன் வீட்டை விட்டு வர முடியாமலும் மாயழகும், மாயழகின் பின்னால் பன்றியும் கடமானுமாக, மேலத்தெருத் திருப்பம் வரைக்கும் போனார்கள். அங்கே மாயழகு நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் ஒருத்தனைக் கொன்றுவிட்டேன் என்று சொன்னார். உடல் எங்கே என்று கேட்டார்கள். கோயில் பொட்டலில் பையன்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறது என்றார். அவர்கள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெளியே நின்ற கடமானையும் ஓட்டிப் போகச் சொல்லி, திருப்பி அனுப்பினார்கள்.

சேவுகனையும் ஊர் சீக்கிரமே சரிக்கட்டிக்கொண்டது. அவனுக்கு முந்தியே பிறந்து இப்போது தாத்தாவாகிவிட்டவர்கள் அவனை 'டேய்' என்றார்கள். இப்போது அவனைவிட வயதில் பெரியவனாகிவிட்ட அக்கா மகன் திருப்பூரிலிருந்து வந்து அவனை மாமா என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டது சரிதானா என்று யோசித்தான். ரேஷன் அட்டையில் பெயரைச் சேர்க்கத் தனக்கொடி அலைந்தாள். நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் வயது ஏன் ஏறவில்லை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இருளாயி காலையும் மாலையும் அவனுக்குப் பொங்கிப் போட்டாள். அவன் தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த நாட்களில் அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. யாராவது மாயழகைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஒரு விஷயத்தில்தான் ஊருக்குச் சங்கடம் வந்தது. சேவுகனைப் பொறுத்தவரை அவன் இன்னும் அந்த வேட்டையின் நடுவில்தான் இருந்தான். புதருக்குள் குனிந்தது நினைவிருந்தது, அதற்குப் பிறகு தார்ச்சாலையில் நடந்தது நினைவிருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. "எப்ப மலைக்குப் போறோம், மச்சான்?" என்று அவன் மாயழகைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டான். வேட்டையை ஊர் நிறுத்திவிட்டது என்று சொன்னால், "யாரு கேட்டு நிறுத்துனீக?" என்றான். ஊரில் வேட்டை வேண்டும் என்று கேட்கிறவன், வேட்டையில் செத்தவன் ஒருத்தன்தான் என்று ஆகிவிட்டது. அவனிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. கை தூக்கிய நாலைந்து பேர்கூட, வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது தூக்கச் சொன்னால் யோசிப்போம் என்கிற நிலையில் இருந்தார்கள்.

அடுத்த மாசி வந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் விடிந்ததும் சேவுகன் அப்பாவின் பழைய வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கோயில் முன்னால் வந்து நின்றான்.

தனக்கொடி இருளாயியைப் பார்த்தாள். "என்ன சொல்றே?"

"அவன் ஆசைப்படுறான். போய்ட்டு வரட்டும். நானும் வாரேன்" என்றாள் இருளாயி. வேட்டைக்குப் பெண்கள் போவதில்லை என்று யாரும் சொல்லவில்லை.

"சரி. கம்பு, வலை எதுவும் வேண்டாம். எல்லாரும் வெறுங்கையோட போவோம்" என்றாள் தனக்கொடி.

தப்பு அடித்தார்கள். மாயழகு தலைப்பாகை வேண்டாம் என்றுவிட்டார். ஆனாலும் முன்னால் அவர்தான் நடந்தார், அவரைப் போல் வேறு யாருக்கும் வழி தெரியாது. கை தூக்கியவர்கள், தூக்காதவர்கள், அபராதம் கட்டியவர்கள், ஓர் உடும்போடு பிச்சைமணி, சீருடையில் எபினேசர், மாடியிலிருந்து இறங்கிப் பின்தொடர்ந்த மயில்களோடு தனக்கொடி, இடுகாட்டிலிருந்து எழுந்து வந்த கேட்பாரற்ற முயல்கள் என்று, கரட்டுமலை அதுவரை பார்க்காத கூட்டம் அன்று அந்த ஏற்றத்தில் போனது. அவ்வளவு பெரிய வேட்டைக்கு ஊர் அதற்கு முன்பு ஒரு நாளும் திரண்டதில்லை.

புதர்க்காடு தொடங்குகிற இடத்தில் மாயழகு பழக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டார். வழக்கம்போல் கூடவே வந்திருந்த நாய்களை அவிழ்த்தார்கள். ஒரு வருஷமாக விரட்டினாலும் ஓடாமல் இருந்த முயல்கள் காதை விறைத்துக்கொண்டு எழுந்தன. ஒன்று ஓடியது. பிறகு எல்லாமும் ஓடின. முயல்களும் முள்ளம்பன்றிகளும் பன்றிகளும் கடமானும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிவெங்கும் சிதறி ஓட, மயில்களும் கௌதாரிகளும் தலைக்கு மேலே பறக்க, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு உடம்பும், வேட்டையே கூடாது என்று சொன்ன உடம்பு உட்பட, ஓரடி முன்னால் சாய்ந்தது. தனக்கொடி தன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டதை எபினேசர் பார்த்தார். அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

சேவுகன் சிரித்துக்கொண்டே ஓடினான். வெறுங்கையோடு, முயல்களுக்குப் பின்னால், சரிவில் தாவித் தாவி ஓடி ஒரு புதருக்குள் குனிந்தான். புதர் அசைந்தது. மாயழகு அதன் முன்னால் நின்றார். அவர் கை தானாக மேலே போனதையும், அதில் ஒன்றும் இல்லாததை அவர் அண்ணாந்து பார்த்ததையும் இருளாயி கண்டாள். "சேவுகா" என்று அவர் கூப்பிட்டார். "சேவுகா, நீதானா?" என்று மறுபடியும் கூப்பிட்டார். புதர் இன்னும் கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றது. விலக்கிப் பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை. முயல்களும் இல்லை. சரிவு முழுக்க எதுவும் இல்லை. நாய்கள் எதைத் துரத்தினோம் என்று மறந்து வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

மற்றவர்கள் தேடுவதுபோல் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். இருளாயி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். மாயழகு எட்டத்தில் இன்னொரு பாறையில் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எதுவும் வந்து உட்காரவில்லை. அது பழகாமல் அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு உடனே போய்ட்டானா?" என்று இருளாயி கேட்டாள்.

"இல்ல. கொஞ்ச நேரம் இருந்தான்."

"என்ன கேட்டான்?"

"தண்ணி கேட்டான். கையில இல்ல. ஓடைக்கு ஓடித் துண்டை நனைச்சுட்டு வந்து வாயில பிழிஞ்சேன்."

"குடிச்சானா?"

"ரெண்டு மடக்கு குடிச்சான்."

இருளாயி அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், நீண்ட நேரம் அழுதாள். மாயழகு எழுந்து அவள் பக்கத்தில் வரவில்லை, அங்கிருந்து போகவும் இல்லை. அழுது முடித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் எங்கப்பா வீட்டுலதான் இருக்கப் போறேன்" என்றாள். "சோறு அங்கதான் பொங்குவேன். வேளைக்கு வந்து சாப்பிட்டுப் போங்க."

"சரி" என்றார் அவர்.

கூட்டமாகவே இறங்கினார்கள். அடுத்த வருஷமும் இப்படியே வெறுங்கையோடு போய் வரலாம் என்று சிலர் சொன்னார்கள். ஓடுவதற்கு இனி என்ன இருக்கிறது, எதைத் துரத்துவது என்று சிலர் கேட்டார்கள். ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது என்று பிச்சைமணி தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

அடிவாரத்தில் மாயழகின் கடலைக் காட்டில் ஒரு பன்றி நின்றது. திரும்பி வந்த பன்றி அல்ல. வாட்டசாட்டமான, புதுப் பன்றி. யாரையும் தேடி வரவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாத்தியைக் கிண்டிக் கிண்டிக் கடலையைத் தின்றுகொண்டிருந்தது. கூட்டம் வரப்போரத்தில் வரிசையாக நின்றது. நாய்கள் மாயழகைப் பார்த்தன. ஊரும் அவரைத்தான் பார்த்தது. அவர் இருளாயியைப் பார்த்தார்.

"இன்னைக்குத் தின்னுட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

"நாளைக்கு?" என்று தனக்கொடி கேட்டாள்.

பன்றி அடுத்த பாத்திக்கு மாறியது.